மருந்தைப் பற்றி எழுதும்போது காலத்தையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுகுத் தண்டுவடத் தசைநார் சிதைவு எனப்படும் எஸ்.எம்.ஏ. நோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றிய செய்திகளில் மருந்தின் பெயர் தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால் அம்மருந்து எப்படிப் பிறந்தது என்பதும், எப்போது கொடுத்தால் முழுப் பலன் தரும் என்பதும் பெரும்பாலும் விடுபட்டுவிடுகின்றன. உயிரியல் கற்பிப்பவன் என்ற முறையில் இக்குறை என்னை உறுத்துகிறது.

இந்நோய்க்கான முதல் மருந்தான நுசினெர்செனுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர், கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தின் மூலக்கூறு உயிரியலாளர் ஏட்ரியன் கிரைனர். மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ. இழையில் வேண்டாத பகுதிகளைச் செல் எவ்வாறு வெட்டி நீக்கி, எக்ஸான்கள் எனப்படும் வேண்டிய பகுதிகளை மட்டும் ஒட்டிக்கொள்கிறது என்ற அடிப்படைக் கேள்வியிலேயே அவர் பல ஆண்டுகள் உழைத்தார். எந்த நோயையும் குறிவைத்துத் தொடங்கிய ஆய்வல்ல அது.

நோய்க்குக் காரணமான எஸ்.எம்.என்.1 மரபணுவை 1995-இல் பிரான்சில் ஜூடித் மெல்கியின் குழு கண்டறிந்தது. அது பழுதானால் முதுகுத் தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்பணுக்கள் மடிந்து, தசைகள் வலுவிழந்துபோகின்றன. அதற்கு இரட்டைப் பிறவி போன்ற எஸ்.எம்.என்.2 என்னும் மரபணுவும் நோயாளிகளிடம் இருக்கிறது. இருந்தும் போதிய அளவு உதவுவதில்லை. அதன் ஏழாவது எக்ஸானில், மரபணு எழுதப்படும் வேதி எழுத்துகளில் ‘சி’ இருக்க வேண்டிய ஓரிடத்தில் ‘டி’ இருக்கிறது. இந்த ஓரெழுத்து வேறுபாடு புரதத்தின் அமைப்பை நேரடியாக மாற்றுவதில்லை என்றாலும், வெட்டி ஒட்டும் வேலையின்போது அந்த எக்ஸானே பெரும்பாலும் விடுபட்டுப்போவதால், நிலைத்து நிற்காத குறைப் புரதமே மிகுதியாக உருவாகிறது.

இங்குதான் கிரைனரின் நெடுநாள் அறிவு கைகொடுத்தது. ஏழாவது எக்ஸானைச் சேரவிடாமல் தடுக்கும் ஒரு சிறு பகுதி, அதையடுத்த இன்ட்ரானில், அதாவது வெட்டி நீக்கப்படும் வேண்டாத பகுதியில், இருப்பதை மாசசூசெட்ஸில் ரவீந்திர சிங் குழுவினர் 2006-இல் வெளியிட்டிருந்தனர். நுசினெர்சென் என்பது 18 எழுத்துகளே கொண்ட செயற்கை இழை. அது அந்தப் பகுதியில் ஒட்டிக்கொண்டு, தடுக்கும் புரதங்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. பழுதான மரபணுவைத் தொடாமலேயே, துணை மரபணுவிலிருந்து முழுப் புரதத்தைப் பெறும் இவ்வழியை எத்தனை முறை வகுப்பில் விளக்கினாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இதே பாணியில் எல்லா நரம்புச் சிதைவு நோய்களும் தீர்ந்துவிடும் என்றும் எழுதிவிடக் கூடாது. ஹன்டிங்டன் நோய்க்காக இதே வகையில் உருவாக்கப்பட்ட டோமினெர்சென் மருந்தின் மூன்றாம் கட்டப் பரிசோதனையில் மருந்து கொடுப்பது 2021 மார்ச்சில் நிறுத்தப்பட்டது.

குடும்பங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது காலம். மடிந்த இயக்க நரம்பணுக்களை எந்த மருந்தும் மீட்டுத் தருவதில்லை. அறிகுறி தோன்றும் முன்பே, பிறந்த ஆறு வாரங்களுக்குள் நுசினெர்சென் தொடங்கப்பட்ட 25 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அனைவரும் உயிருடனும் நிரந்தரச் செயற்கைச் சுவாசம் தேவைப்படாமலும் இருந்தனர். பெரும்பாலோர் தாமாகவே நடந்தனர். சிகிச்சையின்றி விட்டால், நோயின் கடும் வகையில் குழந்தைகள் பெரும்பாலும் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு வழிவகுப்பது, பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி வடிதாளில் சேகரிக்கும் சில துளி இரத்தம். அந்தச் சோதனையைப் பற்றி நம் செய்திகளில் ஒரு வரியும் இல்லாதது வேதனை அளிக்கிறது.

பெற்றோர் இருவரும் நல்ல உடல்நலத்துடன் இருந்தாலும் இந்நோய் வரலாம். இருவருமே பழுதான மரபணுவைச் சுமப்பவர்களானால் ஒவ்வொரு பேற்றிலும் 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஆகவே, கழுத்து நிற்க வேண்டிய வயதில் நிற்காமலோ, கைகால்களை உதைக்காமல் துவண்டோ குழந்தை இருந்தால், ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று காத்திராமல் உடனே குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டி மரபணுச் சோதனை பற்றிக் கேட்க வேண்டும் என்ற குறிப்பை, இந்நோய் குறித்த ஒவ்வொரு செய்தியின் கீழும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியர் ஒருவர்