அது பூச்சிமருந்து பம்ப் இல்லீங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல ஒரு பித்தளை பம்ப் போட்டோ போட்டு, பழைய வீட்டை இடிக்கும்போது பரண்ல கெடைச்சது, பூச்சிமருந்து அடிக்கிற பம்ப்பா இருக்கலாம்னு எழுதியிருந்தீங்க. மனசு கேக்கல, அதான் எழுதுறேன். அது ரெண்டாம் உலகப்போர் டைம்ல தீயணைக்க வச்சிருந்த ஸ்டிரப் பம்ப்.

போட்டோவுல பம்ப்புக்கு பக்கத்துலயே ஒரு கம்பி எறங்கி அடியில தட்டையா முடியுதே, அதான் அடையாளம். பம்ப்பை பக்கெட் தண்ணிக்குள்ள விட்டு, அந்த கம்பியை பக்கெட்டுக்கு வெளிய தரையில வச்சு கால்ல மிதிச்சுக்கிட்டு கைப்பிடியை அடிக்கணும், குதிரை அங்கவடியில கால் வைக்கிற மாதிரி இருக்கறதாலதான் அந்த பேரு, இங்கிலீஷ்ல ஸ்டிரப்னா அங்கவடி. ஓஸ் சுமார் 30 அடி இருக்கும். ஏன்னா பம்ப் அடிக்கறவர் ரூமுக்கு வெளிய நிப்பார், ஓஸ் பிடிக்கறவர் புகைக்கு கீழ தவழ்ந்து உள்ள போவார், மூணாவது ஆள் தண்ணி கொண்டாந்து ஊத்திக்கிட்டே இருக்கணும். நாசில்ல தண்ணி ரெண்டு விதமா வரும், பீய்ச்சலாம், இல்ல தூவலாம். லண்டன் மேல ஜெர்மன்காரங்க போட்ட தீக்குண்டு ஒண்ணு வெறும் 1 கிலோதான், ஆனா மெக்னீசியம், எரியும்போது மேல தண்ணியை பீய்ச்சினா வெடிச்சு சிதறும், அதனால குண்டு மேல தூவணும், சுத்தி பிடிச்ச தீயை பீய்ச்சி அணைக்கணும். எவ்வளவு யோசிச்சு செஞ்ச சாமான் பாருங்க.

லண்டன்ல குண்டு விழுந்ததுக்கு இங்க எதுக்கு பம்ப்னு கேப்பீங்க. 1914-ல எம்டன் கப்பல் மெட்ராஸ் மேல குண்டு போட்டது எல்லாருக்கும் தெரியுது, ஆளைக்கூட "சரியான எம்டன்"னு சொல்றோம். 1942-ஐ மறந்துட்டோம். அந்த ஏப்ரல்ல ஜப்பான்காரங்க 5-ம் தேதி கொழும்பு, 6-ம் தேதி விசாகப்பட்டினம், 9-ம் தேதி திருகோணமலைன்னு குண்டு போட்டதும் அடுத்தது மெட்ராஸ்தான்னு பயந்து ஊரே காலியாச்சு, கூண்டு உடைஞ்சா வெளிய வந்துடும்னு ஜூவுல இருந்த சிங்கம் புலியைக்கூட சுட்டுட்டாங்க. எங்க பாட்டி அப்படி ஊரைக் காலி பண்ணதை "இவாக்குவேஷன்"னுதான் சொல்லுவாங்க, இவாக்குவேஷனுக்கு முன்ன, இவாக்குவேஷனுக்கு அப்புறம்னுதான் அவங்களுக்கு வருஷக் கணக்கே.

எங்க பெரியப்பா வீட்லயும் இதே பம்ப் ஒண்ணு இருந்துச்சு. அவர் மாமரத்துக்கு மருந்து அடிப்பார், பொங்கலுக்கு சுண்ணாம்பும் அதுலதான், அதனால நீங்க அப்படி நெனைச்சதுல தப்பே இல்ல. அவர் போனப்புறம் என்னன்னு தெரியாம பித்தளை விலைக்கு எடைக்கு போட்டுட்டோம், இன்னிக்கும் நெனைச்சா வலிக்குது.

அதனால அந்த பம்ப்பு வச்சிருக்கவங்ககிட்ட தயவுசெஞ்சு சொல்லுங்க, பளபளன்னு ஆக்கறேன்னு புளி போட்டு தேய்ச்சிட வேணாம். துணியால மெதுவா துடைச்சு வெளிச்சத்துல திருப்பி பார்க்க சொல்லுங்க. அம்பு மாதிரி சின்ன முத்திரை இருந்தா அது சர்க்கார் சாமான், வருஷம் பொறிச்சிருந்தா அதையும் போட்டோ எடுத்து அடுத்த இதழ்ல போடுங்க, பார்க்க காத்திருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மயிலாப்பூர்