சிறுவர் நூல் பதிப்பாளர்களுக்கு: அந்த மனிதனைக் காப்பாற்றாதீர்கள்

உலக இலக்கியங்களைப் பிள்ளைகளுக்காகச் சுருக்கித் தமிழில் வெளியிடும் பதிப்பாளர்களுக்கும், அந்தச் சுருக்கங்களைச் செய்துதரும் எழுத்தாளர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் பகுதியில் பிள்ளைகளுக்காக ஒரு சிறிய வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். உங்களுடைய மலிவு விலைப் புத்தகங்கள் இல்லாவிட்டால் அதை நடத்தவே முடியாது. அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன். ஆனால் அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டனின் பனிநிலக் கதைகளை நீங்கள் சுருக்கும் விதம் சரியில்லை. அதைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

சமீபத்தில் வாங்கிய ஒரு தொகுப்பில் 'டு பில்ட் எ ஃபயர்' (தீ மூட்ட) கதை இருந்தது. கடுங்குளிரில் ஒரு நாயோடு தனியாக முகாமுக்கு நடந்து போகும் ஒரு மனிதனின் கதை அது. கடைசிப் பக்கத்தில் அந்த மனிதன் தட்டுத்தடுமாறி முகாமுக்குப் போய்ச் சேர்கிறான், நண்பர்கள் அவனுக்குச் சூடாகக் காப்பி கொடுக்கிறார்கள், நாய் வாலாட்டுகிறது. பெரியவர்கள் பலரும் படித்திருக்கும் கதை அது இல்லை. அவர்கள் படித்த கதையில் அவன் பனியில் உட்கார்ந்தபடியே இறந்துபோகிறான்.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய ஒரு பதில் எனக்குத் தெரியும், அது நியாயமான பதிலும்கூட. லண்டனே பிள்ளைகளுக்காக ஒருமுறை அவனைப் பிழைக்க வைத்திருக்கிறார். 1902-இல் 'யூத்ஸ் கம்பேனியன்' என்ற சிறுவர் இதழில் வந்த முதல் வடிவத்தில் அவனுக்கு டாம் வின்சென்ட் என்று பெயர் உண்டு. நாய் கிடையாது. கை கால்கள் உறைந்து புண்ணானாலும் உயிர் பிழைக்கிறான், தனியாகப் பயணம் போகக் கூடாது என்று பாடம் கற்றுக்கொள்கிறான். சரி. ஆனால் 1908-இல் 'செஞ்சுரி' இதழுக்காக அதே கதையை லண்டன் திரும்ப எழுதினார். பெயரை எடுத்துவிட்டார், நாயைச் சேர்த்தார், மனிதனைச் சாகவிட்டார். இன்று உலகம் முழுவதும் படிக்கப்படுவது இந்த இரண்டாவதுதான். உங்கள் தொகுப்பில் இருப்பது இரண்டுமில்லை. 1908-இன் நாயும் 1902-இன் முடிவும் ஒட்டப்பட்ட மூன்றாவது ஒன்று. அதை லண்டன் எழுதவில்லை, ஆனால் அட்டையில் அவர் பெயர் இருக்கிறது.

முடிவைவிட என்னை அதிகம் வருத்துவது நடுவில் நீங்கள் வெட்டிய பகுதிகள். 'வர்ணனை' என்று நினைத்து எடுத்திருக்கிறீர்கள். இந்த வகைக் கதைகளில் வர்ணனையும் கதையும் வேறு வேறு இல்லை.

கதை நடக்கும் நாளில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 75 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கணக்கில் ஏறக்குறைய மைனஸ் 59 டிகிரி செல்சியஸ். நம் வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18-இல் இருக்கும். அதற்கும் கீழே இன்னும் 41 டிகிரி இறங்க வேண்டும். பாதரசமே மைனஸ் 39-இல் உறைந்து கட்டியாகிவிடும். அந்த மனிதன் துப்பிப் பார்க்கிறான். எச்சில் பனியில் விழுவதற்கு முன், காற்றிலேயே வெடித்துச் சத்தம் போடுகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரியில் எச்சில் பனியில் விழுந்த பிறகுதான் வெடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். அப்படியானால் இன்று அதைவிடக் குளிர் அதிகம். தெர்மாமீட்டர் இல்லாமல் ஒருவன் குளிரை அளந்துவிட்டான், ஆனால் அந்த அளவுக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை. கதையின் விதையே இந்த இடம்தான். உங்கள் பதிப்பில் இருப்பது 'அன்று கடும் குளிர்' என்ற மூன்று சொற்கள்.

அப்புறம் அந்த ஓடை. அவ்வளவு குளிரில் ஓடை அடிவரை உறைந்திருக்கும். ஆனால் மலைச்சரிவிலிருந்து வரும் ஊற்று நீர் உறையாமல் பனிப்போர்வைக்கு அடியில், ஐஸுக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் கெட்டியான தரை மாதிரியே தெரியும். அவன் ஜாக்கிரதையாகத்தான் நடக்கிறான், சந்தேகமான இடத்தில் நாயை முன்னால் தள்ளி அனுப்பியும் பார்க்கிறான். எந்த அடையாளமும் இல்லாத ஓர் இடத்தில் கால் உள்ளே போய்விடுகிறது. முழங்காலுக்குப் பாதி உயரம்வரை நனைகிறது. நம் ஊரில் கால் நனைவது ஒரு பொருட்டா? அங்கே உடனே தீ மூட்டிக் காயவைக்காவிட்டால் கால் போய்விடும். இந்த ஊற்றுகளைப் பற்றிய பத்தி இல்லாமல் படிக்கும் பிள்ளை, 'ஐஸ் உறைந்திருக்கும்போது தண்ணீர் எங்கிருந்து வந்தது?' என்று கேட்கிறது. எங்கள் வட்டத்தில் கேட்டார்கள். புத்தகத்தில் பதில் இல்லை.

தீ மூட்டுவதில் அவன் செய்யும் தவறையும் நீங்கள் மறைத்துவிட்டீர்கள். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தடியில் உட்கார்ந்து, கைக்கு எட்டும் சுள்ளிகளை இழுத்து இழுத்துத் தீயில் போடுகிறான். ஒவ்வொரு இழுப்பிலும் மரம் லேசாக அதிர்கிறது. காற்றே இல்லாத வாரங்களில் கிளைகளில் பனி பாரமாகச் சேர்ந்திருக்கிறது. உச்சியில் ஒரு கிளை சாய, அது கீழே உள்ள கிளைகளைச் சாய்க்க, மொத்தமும் சரிந்து தீயின் மேல் விழுகிறது. உங்கள் சுருக்கத்தில் 'திடீரென்று பனி விழுந்து தீ அணைந்தது' என்று இருக்கிறது. திடீரென்று ஒன்றுமே நடக்கவில்லை ஐயா. அவன் கையால் நடந்தது அது. திறந்த வெளியில் மூட்டியிருந்தால் அணைந்திருக்காது. இந்தக் காரண காரியத் தொடரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது துரதிர்ஷ்டசாலி ஒருவனின் கதை. லண்டன் எழுதியது அப்படிப்பட்ட கதை இல்லை.

அதற்குப் பிறகு வரும் பக்கங்கள் கடினமானவைதான். விரல்களில் உணர்வில்லை. தீக்குச்சியைப் பல்லால் கவ்வி உரசுகிறான். எழுபது குச்சிகளையும் ஒன்றாக உள்ளங்கை அடிப்பக்கங்களுக்கு நடுவே பிடித்துக் கொளுத்துகிறான். சதை கருகும் வாசனை மூக்கில் ஏறுகிறது, வலி அப்புறம்தான் தெரிகிறது. நாயைக் கொன்று அதன் உடல் சூட்டில் கையை நுழைக்கலாம் என்று பார்க்கிறான், கத்தியைப் பிடிக்கவே கை வரவில்லை. குளிரில் உடல் தன் நடுப்பகுதியைக் காப்பதற்காகக் கை கால்களிலிருந்து இரத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். லண்டன் இதைக் கதையிலேயே சொல்கிறார், விரல்கள் வழியாகக் காட்டியும் விடுகிறார். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைக் கொடுக்க வேண்டுமா என்று நீங்கள் தயங்கினால் எனக்குப் புரிகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குக் கொடுங்கள். சிறிய பிள்ளைகளுக்கு 1902 வடிவத்தை, அதுதான் என்று சொல்லியே கொடுங்கள். எதுவும் சொல்லாமல் மாற்றுவதுதான் தவறு.

லண்டன் இதையெல்லாம் ஊகித்து எழுதியவர் இல்லை. 1896 ஆகஸ்டில் கனடாவின் யூக்கான் பகுதியில், க்ளோண்டைக் ஆற்றின் கிளை ஓடை ஒன்றில் தங்கம் கிடைத்தது. மறு ஆண்டு ஜூலையில் செய்தி அமெரிக்கத் துறைமுகங்களுக்கு எட்டியதும் கூட்டம் கிளம்பியது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் புறப்பட்டதாகச் சொல்வார்கள். பாதிப் பேர்கூடப் போய்ச் சேரவில்லை. 21 வயது லண்டனும் அதே ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் கப்பலேறி, சில்கூட் கணவாயில் சுமை தூக்கி, ஆற்று வழியே படகில் போய், ஸ்டீவர்ட் ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே ஒரு மரக்குடிலில் குளிர்காலத்தைக் கழித்தார். புதிய காய்கறியோ பழமோ கிடையாது. ஸ்கர்வி நோய் வந்து ஈறு வீங்கி, அடுத்த கோடையில் ஊர் திரும்பினார். தங்கம் என்று சொல்லும்படி எதுவும் கையில் இல்லை. அவர் உரிமை கோரி நிலம் பதிந்தது ஹெண்டர்சன் ஓடையில். கதையில் அந்த மனிதன் போய்ச்சேர நினைக்கும் முகாமும் அதே ஹெண்டர்சன் ஓடையில்தான். அப்படிப்பட்ட ஊரை உங்கள் அட்டைப்படத்தில் பனிக்கட்டி வீடுகளாக (இக்ளூ) வரைந்திருக்கிறார்கள். அது ஸ்ப்ரூஸ் காடு, மரக்குடில்கள் இருந்த நாடு. ஓவியரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

'கானகத்தின் குரல்' பற்றியும் சொல்லியாக வேண்டும். 1903-இல் வந்த, பக் என்ற நாயைப் பற்றிய லண்டனின் இந்த நாவலைத் தமிழுக்குத் தந்தவர் பெ. தூரன். கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர், குழந்தைகளுக்கென்றே தனிக் கலைக்களஞ்சியமும் உருவாக்கியவர். பிள்ளைகளின் மனம் அவருக்குத் தெரியாததல்ல. சுருக்கப் பதிப்பில், பனியில் வண்டி இழுக்கும் நாய்களில் ஒன்றான டேவ் பாதியில் காணாமல் போகிறது. மூலத்தில் அதற்கு உள்ளே ஏதோ கோளாறு, இழுக்க முடியவில்லை. ஓட்டுபவர் இரக்கப்பட்டு அதை அவிழ்த்துவிட்டால், தன் இடத்தில் கட்டிய நாயின் வாரைக் கடித்து அறுத்துவிட்டு அங்கேயே போய் நிற்கிறது. தன் இடத்தில் நின்றே சாக வேண்டும் என்பதற்காகத் திரும்பக் கட்டுகிறார்கள். மறுநாள் காலை எழ முடியாமல் ஊர்ந்து ஊர்ந்து வருகிறது. வண்டி கொஞ்ச தூரம் போய் நிற்கிறது, ஒருவர் திரும்பிப் போகிறார், ஒரு துப்பாக்கிச் சத்தம். மற்ற நாய்கள் எல்லாவற்றுக்கும் தெரியும். இந்தப் பகுதியை எங்கள் வட்டத்தில் தூரனின் மொழிபெயர்ப்பிலிருந்து வாசித்தபோது பிள்ளைகள் அழுதார்கள். அழுதுவிட்டு ஒரு மணி நேரம் டேவ் பற்றியே பேசினார்கள். அவர்களால் தாங்க முடியாது என்று யார் முடிவு செய்தது?

வெட்டியே தீர வேண்டும் என்றால், அல்லது குறிப்பு போட வேண்டும் என்றால், அதற்கு வேறொரு இடம் இருக்கிறது. அதை நீங்கள் அப்படியே விட்டிருக்கிறீர்கள். அந்த நாவலின் கடைசியில் வரும் 'யீஹாட்' என்ற பழங்குடி லண்டனின் கற்பனை. கொலை செய்ய வருகிறார்கள், பக்கிடம் சாகிறார்கள், அவ்வளவுதான் அவர்களுக்கு வேலை. உண்மையில் அந்த மண்ணுக்குரியவர்கள் ட்ரோண்டெக் ஹ்வெச்சின் மக்கள். தங்கக் கூட்டம் வந்து டாசன் நகரம் முளைத்தபோது, தலைவர் ஐசக் தம் மக்களை ஆற்றில் கீழே உள்ள மூஸ்ஹைடு என்ற இடத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். 2023-இல் யுனெஸ்கோ அந்த நிலப்பகுதியை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. இதைச் சொல்ல அரைப் பக்க முன்னுரை போதும். நாயின் சாவை மறைக்கும் அக்கறை இங்கே வந்திருக்க வேண்டும்.

லண்டன் 1916-இல் இறந்துவிட்டார். உரிமைத் தொகை யாருக்கும் தர வேண்டியதில்லை. செலவாவது காகிதமும் உழைப்பும்தான். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன் மூலத்தை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுருக்கம் என்றால் சுருக்கம் என்று அட்டையிலேயே போடுங்கள், சுருக்கியவர் பெயரையும் போடுங்கள். முடிந்தால் 1902, 1908 வடிவங்கள் இரண்டையும் ஒரே சிறு நூலாகக் கொண்டுவாருங்கள். எந்த முடிவு சரி என்று பிள்ளைகளே சண்டை போடட்டும். பக்கம் கூடி விலை இருபது ரூபாய் ஏறினாலும் எங்கள் வட்டம் வாங்கும், பக்கத்துப் பள்ளி நூலகங்களிலும் நானே போய்க் கேட்கிறேன். மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஊதியம் எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
வாசிப்பு வட்டத்துக்காக ஒரு வாசகர்