உப்பளத்துக் கேட்டைக் கொஞ்சம் திறந்து விடுங்கள்: தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பள உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே வருகிற விருந்தினர்களைக் காப்பித் தோட்டத்துக்குள் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு. மலைமேல் இருப்பவனுக்கு உப்பளத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சேலம் மாவட்டத்தில் மாங்காய் காய்க்கும், மரவள்ளி விளையும், மிளகு காய்க்கும், ஆனால் ஒரு பிடி உப்பு விளையாது. கீற்றுப் போட்ட மாங்காயிலிருந்து ஊறுகாய் ஜாடி வரைக்கும் கடலோரத்துக்காரர்கள் தயவில்தான் எங்கள் நாக்கு ஓடுகிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். மக்கள் உள்ளே வந்து, வரப்பில் நடந்து, உப்பு விளைவதைப் பார்த்து, வாயில் போட்டும் பார்க்க ஒரு முறையான ஏற்பாடு செய்யுங்கள். இலவசமாக வேண்டாம், காசு வாங்கிக்கொண்டே செய்யுங்கள்.

போன முறை குடும்பத்தோடு தூத்துக்குடிப் பக்கம் வந்திருந்தோம். ஒரு உப்பளத்து வாசலில் காரை நிறுத்திக் கேட்டதற்கு, "வெளியாளை உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவு சார்" என்று காவலாளி மரியாதையாகவே திருப்பி அனுப்பிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. லாரி வந்துபோகிற இடம், வேலை நடக்கிற இடம், யாராவது வழுக்கி விழுந்தால் பொறுப்பு அவர் தலையில்தான் விழும். ஆனால் எங்களைப் போலவே வந்த இன்னும் சில வண்டிக்காரர்கள் ரோட்டோரத்தில் நின்று உப்புக் குவியலைப் பின்னால் வைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பார்க்க ஆள் இருக்கிறது, காட்டத்தான் ஆள் இல்லை.

காட்ட என்ன இருக்கிறது, வெயிலில் தண்ணீர் வற்றுகிறது, அவ்வளவுதானே என்று நீங்கள் நினைக்கலாம். தினம் பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். கடல்நீரில் உப்பு சுமார் மூன்றரை சதவீதம். அது பாத்தி பாத்தியாக மாறி, வெயிலிலும் காற்றிலும் சுண்டி, முதலில் ஜிப்சம் தனியாகப் படிய, அப்புறம் தண்ணீரின் உப்புச் செறிவை அளக்கிற போமே மானியில் 25 டிகிரி வாக்கில்தான் சாப்பாட்டு உப்பு பூக்கத் தொடங்குகிறது. அதையும் 29, 30 டிகிரிக்கு மேல் போகவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பேறும் என்பதால், அதற்கு முன்பே மிச்ச நீரை வெளியேற்றிவிடுகிறீர்கள். இந்தக் கணக்கை ஒரு கண்ணாடி மானியைப் பாத்தித் தண்ணீரில் மிதக்கவிட்டு ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குக் காட்டினால் அது ஆயுசுக்கும் மறக்காது. தூத்துக்குடியில் பல இடங்களில் கடல்நீரோடு போர்வெல்லில் எடுக்கிற உப்புநீரும் பாய்கிறது, அது கடலைவிடக் கரிப்பு என்பதெல்லாம் எங்கள் பக்கம் எத்தனை பேருக்குத் தெரியும்?

சுவை பார்ப்பது இன்னும் சுவாரசியம். அன்று வாரிய உப்பு ஒரு சிட்டிகை, குவித்துப் போட்டுப் பல நாள் ஆன உப்பு ஒரு சிட்டிகை, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். புது உப்பில் நாக்கின் அடியில் லேசாக ஒரு கசப்பு நிற்கும். குவியலில் இருந்ததில் அந்த மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து வடிந்து போயிருக்கும், அதனால் கரிப்பு சுத்தமாக இருக்கும். இதை ஏற்காட்டுக்காரன் சொல்லக் காரணம் உண்டு. ஆடி மாதம் பனிமூட்டம் இறங்கினால் எங்கள் வீட்டுக் கல்லுப்பு ஜாடிக்குள் தண்ணீர் கோத்துக்கொண்டு நிற்கும். சுத்தமான உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசிய ஆரம்பிக்கும், மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஜாடி அழுவது ஏன் என்று என் மாமியாருக்கு விளக்கிச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது, அது வேறு கதை.

வெளிநாட்டில் இதை ஒரு தொழிலாகவே செய்கிறார்கள். வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவில் ஹாலன் மோன் என்று ஒரு உப்புக் கம்பெனி, வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டி, சுவை பார்க்கக் கொடுத்து அனுப்புகிறது. அங்கே நம் ஊர் வெயில் ஏது? கடல்நீரை வெற்றிடக் கலத்தில் சூடாக்கிச் சுண்ட வைக்கிறார்கள். பிரான்சின் கெராந்தில் பாத்திமேல் ஏடுபோலப் படிகிற உப்பை மேலாக வழித்தெடுப்பதைக் காண ஆட்கள் தேடிப் போகிறார்கள். சூரியனையே அடுப்பாக வைத்திருக்கிற நீங்கள் கேட்டைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

என் தொழில் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். காப்பிப் பழத்தை மரத்தில் பார்த்து, பல்பரில் தோல் உரிவதைப் பார்த்து, களத்தில் காய்கிறதைக் காலால் அளைந்து பார்த்தவர், கடைசியில் ஒரு கப் குடித்துவிட்டு விலை பேச மாட்டார். பார்க்காதவர்தான் பேரம் பேசுவார். கிலோ உப்பு என்ன விலைக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். ஜனவரி, பிப்ரவரியில் எங்களுக்குப் பறிப்பு முடிகிற நேரம் உங்களுக்கு சீசன் தொடங்குகிறது, மழை வரும்வரை ஓடுகிறது. பள்ளி விடுமுறை அதற்குள்தான் வருகிறது.

ஆனால் ஒரு நிபந்தனை, இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். உப்பளத்தில் நிழல் கிடையாது, பாத்தியில் பட்டுத் தெறிக்கிற வெயில் கண்ணைப் பறிக்கும், கரிப்புத் தண்ணீரில் நின்றே கால் தோல் வெடித்துப்போகும். அந்த வேலையைச் செய்கிறவர்களில் பெண்கள் ஏராளம். வருகிற சுற்றுலாக்காரனுக்கு ஒரு நிழற்குடை, ஒரு குடிதண்ணீர்க் குழாய், ஒரு கழிப்பறை கட்டுவீர்கள் அல்லவா, அதை முதலில் வாருகிற அம்மாக்களுக்குக் கட்டுங்கள், நாங்கள் அதையே பயன்படுத்திக்கொள்கிறோம். மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது, நல்லது, ஆனால் அது எத்தனை நாளைக்கு? சுற்றிக் காட்டுகிற வேலையை அவர்களுக்கே கொடுங்கள், டிக்கெட்டில் பங்கும் கொடுங்கள். அவர்கள் அனுமதி கேட்காமல் யாரும் போட்டோ எடுக்கக் கூடாது என்று வாசலிலேயே எழுதிப் போடுங்கள். அவர்கள் ஒன்றும் காட்சிப்பொருள் இல்லை.

விற்பனை விஷயத்திலும் கவனம் வேண்டும். 2006 முதல் அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாகச் சாப்பாட்டுக்கு என்று விற்கக் கூடாது. மலைப்பகுதி மண்ணில் அயோடின் குறைவு என்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு அது விளையாட்டு இல்லை. வாசலில் கடை போட்டால் அயோடின் சேர்த்த பாக்கெட்டையே வையுங்கள். "எல்லா நோயும் தீரும் இயற்கை உப்பு" என்று மட்டும் போர்டு மாட்டிவிடாதீர்கள். உப்பு உப்புதான், அதில் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், ரத்த அழுத்தக்காரர் எந்த உப்பையும் அளந்துதான் போட வேண்டும்.

வேதாரண்யத்துக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கி, 30 ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் தடையை மீறி உப்பெடுத்த ராஜாஜி, சேலத்தில் வக்கீலாக இருந்தவர், எங்கள் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். அங்கே நினைவுத் தூண் இருக்கிறது. தூணைப் பார்த்துவிட்டு வண்டி ஏறுகிறவர்களை நிறுத்தி, உப்பு எப்படி விளைகிறது என்று பக்கத்துப் பாத்தியில் அரை மணி நேரம் காட்டினால், அன்று எதற்காக ஜெயிலுக்குப் போனார்கள் என்று பிள்ளைகளுக்குக் கையில் பிடித்தே புரியும்.

முதலில் பெரிதாக எதுவும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், வெயில் ஏறுவதற்கு முன், பதினைந்து பேருக்கு மேற்படாமல் ஒரு குழு. யாராவது ஒருவர் தொடங்குங்கள். முதல் குழுவை சேலத்திலிருந்து நானே கூட்டி வருகிறேன், வரப்பில் செருப்போடு ஏறக் கூடாது என்றால் அதையும் பஸ்ஸிலேயே சொல்லிவிடுவேன். நாள் மட்டும் குறித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து ஒரு காப்பித் தோட்ட வழிகாட்டி