கனிமீடில் எஃப்.எம். நிலையம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ‘வியாழனின் நிலவிலிருந்து எஃப்.எம். சிக்னல்: வேற்றுக்கிரகவாசியா?’ என்ற பெட்டிச் செய்தியைப் படித்தேன். அந்த நிலவின் பெயர் கனிமீடு. 2021 ஜனவரியில் ஊரெல்லாம் சுற்றிய செய்திதான். அன்றைய தப்பும் அப்படியே வந்திருக்கிறது. முப்பது வருஷம் ரேடியோ ரிப்பேர் பார்த்தவனால் சும்மா இருக்க முடியவில்லை.

பாட்டையோ பேச்சையோ அலைமேல் ஏற்றி அனுப்பும் ஒரு முறைக்குத்தான் எஃப்.எம். என்று பெயர். அங்கே ஏற்றுவதற்கு யார் இருக்கிறார்கள்? வியாழனை ஆராய நாசா அனுப்பிய ஜூனோ விண்கலம் பிடித்தது சுமார் 6.5 மெகாஹெர்ட்ஸ். பழைய வால்வு ரேடியோவில் முள்ளைத் திருப்பினால் சிற்றலையில் 49 மீட்டருக்கும் 41 மீட்டருக்கும் நடுவில் வரும்.

அதைவிடப் பெரிய தப்பு, அந்த அலை கனிமீடிலிருந்து கிளம்பியதாக எழுதியது. கனிமீடுக்குச் சொந்தக் காந்தப்புலம் உண்டு. 1996இல் கலிலியோ விண்கலம் கண்டுபிடித்தது. கனிமீடின் புலம் வியாழனின் காந்தப்புலத்தோடு உரசுகையில் எலக்ட்ரான்கள் வேகம்பிடித்து, காந்தக் கோடுகள் வழியே வியாழனின் துருவப் பக்கம் ஓடுகின்றன. கோளுக்குச் சற்று மேலே, அந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழலும்போதுதான் வானொலி அலை பிறக்கிறது. கனிமீடு தூண்டிவிடுவதோடு சரி. ஜூனோ நொடிக்கு 50 கி.மீ. வேகத்தில் அந்த இடத்தைக் கடந்ததால் சிக்னல் கிடைத்தது ஐந்தே நொடி.

கனிமீடின் சொந்தக் காந்தப்புலத்துக்குள்ளேயே நுழைந்து பதிவானது வேறு கதை. 2021 ஜூன் 7 அன்று சுமார் 1,000 கி.மீ. உயரத்தில் ஜூனோ பறந்தபோது கிடைத்த அலைகளை, காதுக்கு எட்டும்படி மாற்றி 50 நொடி ஒலித்துணுக்காக நாசா வெளியிட்டது. இரண்டையும் கலந்துவிட்டீர்கள்.

சரி, எழுத வேண்டியது வியாழனின் இன்னொரு நிலவான அயோவைப் பற்றி (பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்). 1955இல் அமெரிக்காவில் பர்க், ஃபிராங்ளின் என்ற விஞ்ஞானிகள் இருவரும் 22.2 மெகாஹெர்ட்ஸில் ஒரு இரைச்சலைக் கண்டு, பக்கத்துப் பண்ணை ஆள் ஓட்டிவரும் காரின் இக்னிஷன் கோளாறாக இருக்குமோ என்றுதான் முதலில் பேசிக்கொண்டார்கள். அப்புறம்தான் வியாழன் என்று தெரிந்தது. அந்த இரைச்சலின் ஏற்ற இறக்கம் அயோ நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்று 1964இல் பிக் என்ற விஞ்ஞானி காட்டினார். கனிமீடின் 6.5 மெகாஹெர்ட்ஸ் நம் அயனி மண்டலத்தை (சிற்றலைகளைத் திருப்பிவிடும் மேல் வானக் காற்றடுக்கு) தாண்டி உள்ளே வராது, விண்கலம்தான் வேண்டும். அயோ கிளப்பும் அலை 20 மெகாஹெர்ட்ஸிலும் வருவதால், மொட்டைமாடியில் கம்பி கட்டி ஒரு நல்ல சிற்றலை ரிசீவரை வைத்தால் போதும். அயோ தோதான இடத்தில் இருக்கும் இரவாகப் பார்க்க வேண்டும். சில சமயம் கடலலை மாதிரி இரையும், சில சமயம் சோளம் பொரிகிற மாதிரி படபடக்கும்.

ரேடியோ மெக்கானிக் (ஓய்வு),
விருதுநகர்