கேத் லேப் சிஸ்டருக்கு நன்றி

இதய ரத்தக்குழாய் அடைப்பைச் சாயம் ஏற்றிப் பார்க்கும் கேத் லேப்பில், ஆஞ்சியோகிராம் ஒப்புதல் படிவத்தை வாங்கிய அப்பாவின் கை நடுங்கியதைக் கவனித்தது நீங்கள்தான், சிஸ்டர். யாரும் கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்து, "மணிக்கட்டுத் தமனி வழியா சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன் குழாய்தான் போகும். சாயம் ஏத்தும்போது உடம்பு சில நொடி சூடாகும், பயப்படாதீங்கப்பா" என்றீர்கள். சாயம் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்தீர்கள். அப்பா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் சொன்னீர்கள்.

நடுத்தர அடைப்பு என்றால் உடனே ஸ்டென்ட் (ரத்தக்குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக்குழல்) என்பதில்லை. அழுத்தம் அளக்கும் மெல்லிய கம்பியை அடைப்பைத் தாண்டிச் செலுத்தி, அடைப்புக்குப் பின்னால் உள்ள அழுத்தத்தை முன்னால் உள்ள அழுத்தத்தால் வகுத்தால் 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் ரத்த ஓட்டம் தடைபடுவதாகக் கொள்வார்கள். எங்களுக்கு இதைப் புரிய வைத்ததும் நீங்கள்தான்.

ஸ்டென்ட் வைத்தபின், குழாய் போன இடத்தை அழுத்தி ரத்தக் கசிவைத் தடுக்கும் மணிக்கட்டுப் பட்டையின் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினீர்கள். ரத்தம் கசிந்ததும் சிறிது ஏற்றி, விரல்களின் நிறத்தைப் பார்த்தபடியே நின்றீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகள் இரண்டையும் பல் பிடுங்குவதற்குக்கூட இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம் என்று மாத்திரை உறையிலேயே எழுதித் தந்தீர்கள். அந்த ஒரு வரி எத்தனை உயிரைக் காக்கும்!

உங்கள் பெயர் தெரியாது. இந்தப் பதிவு கண்ணில் பட்டால், எங்கள் வீட்டார் எல்லோருடைய நன்றியையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.