58 வயதில் ஒரு மசக்கை

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
டிசம்பர் 4

அன்புள்ள குச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் உன்னைக் குச்சி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அந்தக் குச்சிக்கு இப்போது 91 கிலோ, டாக்டர் எடை குறைய ஊசி எழுதிக்கொடுத்துவிட்டார் என்று படித்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. கோபித்துக்கொள்ளாதே. கும்பகோணத்தில் பள்ளிக்கூட வாசலில் நின்று "ஏய் பூசணி" என்று கத்தி, தெருவே என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தவள் நீ. எனக்கும் ஒரு நாள் வர வேண்டாமா?

சிரித்து முடித்த பிறகுதான் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். "ரொம்பக் குமட்டுமாமே, பயமாக இருக்கிறது, உனக்கு எப்படி இருந்தது, மறைக்காமல் எழுது" என்று கேட்டிருக்கிறாய். சரி, மறைக்காமல் எழுதுகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்காதே.

நான் ஆரம்பித்தது ஆடி முதல் வெள்ளி. இங்கே அது குளிர்காலம். எனக்குச் சர்க்கரையும் உண்டு என்பது உனக்குத் தெரியும். எடை 94. எழுதிக்கொடுத்தது செமாக்ளூடைட், ஓசெம்பிக் என்ற பெயரில் பேனா மாதிரி வருவது. வாரம் ஒரு முறை. குத்துவதைப் பற்றி நீ கவலையே படாதே. பேனாவின் தலையைத் திருகி அளவை வைத்து, தொப்புளை விட்டுத் தள்ளி வயிற்றுச் சதையில் குத்தி, பொத்தானை அழுத்தியபடியே மெதுவாக ஆறு வரை எண்ண வேண்டும். அவ்வளவுதான். கொசு இதைவிட நன்றாகக் கடிக்கும். என் வீட்டுக்காரர் எண்ணுகிறேன் என்று பக்கத்தில் வந்து நின்றார். நான்கு வரும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார், மிச்சத்தை நானே எண்ணினேன்.

வெள்ளி இரவு ஒன்றுமில்லை. சனிக்கிழமையும் ஒன்றுமில்லை. "இவ்வளவுதானா" என்று பெருமையாகப் பெரியவளுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். ஞாயிறு பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டில் பிரியாணிக்கு வெங்காயம் பொரித்தார்கள். (இங்கே பிரியாணியில் பருப்பும் உருளைக்கிழங்கும் போடுவார்கள். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், ஆனால் நன்றாகத்தான் இருக்கும்.) அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்ததுதான் தாமதம், வாயில் தண்ணீர் ஊறி, அடிவயிற்றிலிருந்து ஒன்று புரண்டு எழுந்தது. பெரியவள் வயிற்றில் இருந்தபோது தாளிக்கிற சத்தம் கேட்டாலே கொல்லைக்கு ஓடுவேனே, அதே ஓட்டம். வாந்தி வரவில்லை. வந்திருந்தாலாவது தேவலை. சாயங்காலம் வரை கப்பலில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. 58 வயதில் மசக்கை, குச்சி. யாரிடம் போய்ச் சொல்வது?

ஏன் இப்படி என்று சின்னவள் உட்கார்ந்து விளக்கினாள். சாப்பிட்டதும் நம் குடலே ஒரு ஹார்மோனைச் சுரந்து மூளையிடம் "போதும்" என்று சொல்கிறதாம். ஆனால் அது ஓரிரு நிமிஷத்தில் கரைந்து போய்விடும். இந்த மருந்து அதே மாதிரி செய்யப்பட்டது, ஆனால் உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். வயிற்றிலிருந்து சாப்பாடு கீழே இறங்குவதை மெதுவாக்குகிறது. மூளையில் பசியைப் பார்த்துக்கொள்கிற இடத்தையும் தொடுகிறது, குமட்டலைக் கிளப்புகிற இடத்தையும் தொடுகிறது. இந்த வகையில் முதலில் வந்த மருந்துக்கு மூலம் ஒரு விஷப் பல்லியாம். கிலா மான்ஸ்டர் என்று அமெரிக்கப் பாலைவனத்தில் இருப்பது. அதன் விஷத்தில் ஜான் எங் என்ற மருத்துவர் 1992ல் கண்டுபிடித்த பொருள் 2005ல் மருந்தாக வந்தது. நம்முடையது பல்லியிலிருந்து வந்ததில்லை, மனித ஹார்மோனை ஒட்டிச் செய்தது. ஆனால் பிடி என்னவோ உடும்புப் பிடிதான். ஒரு முறை போட்டால் வாரம் முழுக்க விடாது.

பயத்தை இன்னும் கிளப்புகிறேன் என்று நினைக்காதே. 2021ல் வந்த பெரிய ஆய்வில் இதே மருந்தை, நான் போடுவதைவிடப் பெரிய அளவில், வாரம் 2.4 மில்லிகிராம் வரை போட்டவர்களில் நூற்றுக்கு 44 பேருக்குக் குமட்டல் இருந்தது. மருந்தே இல்லாத வெறும் ஊசி போட்டவர்களிலும் 17 பேர் குமட்டுகிறது என்றார்கள்! பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குமட்டலே இல்லை. நீ அந்தப் பக்கம் விழலாம். உனக்கு எழுதியிருப்பது மௌஞ்சாரோ. அது டிர்செபடைட், என்னுடையதற்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. குமட்டல் விஷயத்தில் இரண்டுக்கும் குணம் ஏறக்குறைய ஒன்றுதான்.

இரண்டாவது வாரம் எங்கள் கோயிலில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். இங்கே ஆடியில் அது பெரிய விசேஷம். இங்கே பிறந்த பிள்ளைகள் "பொரிட்ஜ் பிரேயர்" என்பார்கள். கேழ்வரகு இல்லை, மக்காச்சோள மாவைப் புளிக்க வைத்துக் காய்ச்சுவார்கள். இரண்டு நாளாக ரொட்டித் துண்டைத் தவிர எதுவும் இறங்காமல் இருந்தேன். ஒரு அக்கா கையில் கூழைத் திணித்துவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்ல முடியுமா, சாமி பிரசாதம். நன்றாக ஆறிய கூழ். ஒரு வாய் குடித்தேன், தங்கியது. இன்னொரு வாய். அதுவும் தங்கியது. கோயில் சுவரோரம் வெயிலில் உட்கார்ந்து அந்தச் சின்ன டம்ளரை அரைமணி நேரம் குடித்தேன். அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. ஆறியதில் வாசனை குறைவு, அதனால் குமட்டாது. எண்ணெய் இல்லை, அதனால் வயிற்றில் கிடந்து மல்லுக்கட்டாது. கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தி நிறுத்தி. வேறு வைத்தியம் எதுவும் எனக்கு இதைவிட உதவவில்லை.

அப்புறம் கூழ், மோர் சாதம், ஆறிய இட்லி, மிளகு அதிகமில்லாத ரசம், அவித்த முட்டை, இதிலேயே வண்டி ஓடியது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதை விட்டேன். நடு நடுவே ஒவ்வொரு வாயாகக் குடித்தேன். இஞ்சியைத் தட்டி வெந்நீரில் போட்டு ஆற வைத்துக் குடித்தால் எனக்கு இதமாக இருந்தது. நீ இரண்டு வருஷம் முன்னால் கொடுத்துவிட்ட நார்த்தங்காயில் ஒரு துணுக்கு நாக்கில் வைத்தால் அதைவிட இதம். ஆனால் உப்பு, உனக்கு வேறு பிரஷர், பார்த்துக்கொள். சாப்பிட்டவுடன் படுக்காதே. நான் ஒரு நாள் மத்தியானம் படுத்தேன். அழுகின முட்டை வாசனையில் ஏப்பம் வந்தது. வீட்டுக்காரர் எதுவும் சொல்லாமல் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

இப்போது என் அசட்டுத்தனத்தைக் கேள். முதல் நான்கு வாரம் 0.25 மில்லிகிராம். அது இளைக்க இல்லை, உடம்பைப் பழக்கத்தான். உனக்கு 2.5ல் ஆரம்பிப்பதும் அதற்கே. ஐந்தாவது வாரம் 0.5 ஆனது. குமட்டல் அநேகமாக அளவு கூடும் வாரங்களில்தான் மறுபடி தலை காட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்குத்தான் தேறிவிட்டோம் என்ற மிதப்பு. அந்தச் சனிக்கிழமை ஒரு கல்யாணம். ஆவணி பிறந்ததும் இங்கே வாரத்துக்கு இரண்டு கல்யாணம். கையில் தட்டு வந்தது. சமோசா இரண்டு, பிரியாணி, பக்கத்தில் சோஜி (நம் கேசரிதான், நெய் மட்டும் மூன்று மடங்கு). பெண்ணின் அம்மா பக்கத்தில் நின்று, "நீங்கள் சாப்பிடவில்லை என்றால் நான் போக மாட்டேன்" என்கிறார். நான்காவது கவளத்திலேயே வயிறு சொல்லிவிட்டது. எனக்கு அது ஒரு சின்ன விக்கல் மாதிரி வரும். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நான் அந்த அம்மா முகத்தைப் பார்த்தேன், தட்டைக் காலி பண்ணினேன்.

மண்டபத்து வாசலைத் தாண்டியும் தாண்டாமலும், கார் நிறுத்துகிற இடத்தில், பட்டுப்புடவையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, தாம்பூலப் பைக்குள். உள்ளே தேங்காயும் இருந்தது. இதற்கு மேல் எழுதவில்லை.

இரவு முழுக்க நான்கு முறை. காலையில் ஓஆர்எஸ் பொட்டலத்தைக் கரைத்து ஒவ்வொரு ஸ்பூனாகக் குடித்தேன். திங்கட்கிழமை டாக்டரிடம் போனபோது, "ஏன் அன்றைக்கே கூப்பிடவில்லை" என்று கேட்டார். நான்கு வாரத்தில் 1 மில்லிகிராமுக்கு ஏற்றுவதாக இருந்தவர், "அவசரமில்லை, 0.5லேயே எட்டு வாரம் இருங்கள்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அது புதுச் செய்தி. அட்டவணையில் எழுதியபடி ஏறியே தீர வேண்டும், தாங்கவில்லை என்றால் நம் உடம்புதான் சொத்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ அப்படி நினைக்காதே. தாங்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல். நாம் இரண்டு பேரும் பிரசவ வலியிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவர்கள், அதனால் சொல்கிறேன்.

அப்புறம் புரட்டாசி வந்து என்னைக் காப்பாற்றியது. இங்கே தமிழர் வீடுகளில் புரட்டாசி என்றால் மாதம் முழுக்கக் கறி, மீன் கிடையாது, நம் ஊரைவிடக் கண்டிப்பு. தெருவில் பொரிக்கிற வாசனையே பாதியாகக் குறைந்தது. ஊசி நாளையும் மருந்துக்கடையில் கேட்டுத் திங்கட்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். விசேஷமெல்லாம் சனி, ஞாயிறில்தானே. எனக்கு இரண்டாம் நாள்தான் மோசம். உனக்கு எந்த நாள் மோசம் என்று ஒரு மாதம் குறித்துப் பார்.

வீட்டில் பெரிய தட்டை எடுத்து மேலே வைத்துவிட்டேன். சின்னத் தட்டு, சாப்பிட இருபது நிமிஷம், விக்கல் வந்தால் கையைக் கழுவுவது. மிச்சம் வைத்தால் பாவம் என்று வளர்ந்த நமக்கு இது ஊசியைவிட வலிக்கும். நவம்பர் 16 அன்று, 1860ல் ட்ரூரோ கப்பல் முதல் ஒப்பந்தக் கூலி இந்தியர்களோடு மதராஸிலிருந்து இங்கே வந்து சேர்ந்த நாளுக்கு எங்கள் பேட்டையில் கூட்டம், பிறகு சாப்பாடு. இரண்டு ஸ்பூன் பிரியாணி போதும் என்று சொல்லிவிட்டேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருத்தி மட்டும் ரகசியமாக, "நீங்களும் ஊசியா ஆன்ட்டி" என்று கேட்டாள்.

உனக்குச் சில விஷயம், விளையாட்டாக இல்லாமல். சர்க்கரைக்கு நீ கிளிமிபிரைடு சாப்பிடுகிறாய் அல்லவா, ஊசி போடும் முன் அதன் அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேள். சாப்பாடு குறைந்து அந்த மாத்திரை மட்டும் குறையாமல் இருந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும். கண் பரிசோதனை தள்ளிப் போயிருந்தால் அதையும் முடித்துவிடு. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டில் புற்றுநோய் இருந்ததா என்று டாக்டர் கேட்டால் யோசித்துப் பதில் சொல். மேல்வயிற்றில் விடாத கடும் வலி வந்து முதுகுக்குப் போனாலோ, தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி எடுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு வீட்டில் உட்காராதே, ஓடு. பேனாவை ஃபிரிட்ஜில் வை, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்காதே, உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். அழகுநிலையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் காது கேட்காதது மாதிரி இரு.

இளைத்தேனா என்று கேட்கவே இல்லையே நீ? இப்போது 86. மோதிரம் கழன்று விழுகிறது. ஆனால் குச்சி, இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன், நடுவில் ஒரு வருத்தம் இருந்தது. காபி பிடிக்காமல் போய்விட்டது. நம் ஊர்க்காரி நான், டிகாஷன் இறங்குகிற வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். நான்கு மாதம் ரூயிபோஸ் என்று இங்கே ஒரு சிவப்புத் தேநீர், அதுதான். காலையில் எழுந்து பித்தளை ஃபில்டரைப் பார்த்தால் யாரோ வீட்டுக் கல்யாணத்துப் பாத்திரம் மாதிரி இருக்கும். பசி போனால் நல்லது என்றுதான் ஊசி போட்டோம். ஆசையும் கூடவே போகும் என்று யார் நினைத்தார்கள்?

நேற்று காலை இவர் காபி போட்டார். நான் அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். முழுசாக நறுக்கி முடித்த பிறகுதான் கவனித்தேன், எழுந்து போகவில்லை. டபராவில் கால்வாசி ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். சும்மா இருந்தது வயிறு.

உன் மைத்துனர் மகன் ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க் வருகிறான் என்று எழுதியிருந்தாயே. அவனிடம் நார்த்தங்காய் கொடுத்துவிடு. காபிப்பொடியும். கால் கிலோ போதும்.

உன்,
பழைய பூசணி