டீன் அப்படித்தான் போயிருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடைசி எபிசோடில் சொதப்பிய தொடர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், பேய் வேட்டையாடும் அண்ணன் தம்பியின் கதையான ‘சூப்பர்நேச்சுரல்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரையும் சேர்த்திருந்தீர்கள். 15 சீசன், 327 எபிசோடு பேய்களோடும் சாத்தானோடும் மோதிய அண்ணன் டீன் ஒரு கம்பி குத்திச் சாவதா என்று கட்டுரையாளர் கோபப்பட்டிருந்தார். 2020 நவம்பரில் அது ஒளிபரப்பான நாளிலிருந்தே ரசிகர்கள் பலருக்கும் இதே கோபம்தான். ஆனால் எனக்கு அந்த முடிவு சரியென்றே படுகிறது.

கதை எங்கே தொடங்கியது என்று பாருங்கள். கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊர், 1983 நவம்பர் 2. அம்மா தீயில் எரிந்துகொண்டிருக்கிறாள். அப்பா ஆறு மாதக் குழந்தை சாமைத் தூக்கி டீன் கையில் கொடுத்து, திரும்பிப் பார்க்காமல் வெளியே ஓடச் சொல்கிறார். டீனுக்கு வயது நான்கு. அன்று ஏந்திய தம்பியை அவன் கடைசிவரை இறக்கி வைக்கவே இல்லை. அப்பா வேட்டைக்குப் போய்விட்ட நாட்களில் மோட்டல் அறையில் தம்பிக்குச் சாப்பாடு கொடுத்துக் காவல் இருந்தவன் அவன்தான். முதல் சீசனில் ஒரு சின்னக் காட்சி வரும். டப்பாவில் பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியல் ஒருவருக்குத்தான் மிச்சம் இருக்கும். தான் இன்னும் சாப்பிடவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அதையும் தம்பியிடம் தள்ளிவிடுவான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

பிறகு தம்பி செத்துப்போனபோது தன் ஆன்மாவையே அடகு வைத்து அவனை மீட்டான். இவன் போனால் அவன், அவன் போனால் இவன் என்று மாற்றி மாற்றிப் பேரம் பேசியே சீசன்கள் ஓடின. கடைசியில்தான் டீன், தன்னைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம் என்கிறான். தான் போவதற்குத் தம்பி வாயால் சம்மதம் கேட்கிறான். சாம் அழுதுகொண்டே, சரி, நீ போகலாம் என்கிறான். இதற்கு மேல் என்ன முடிவு வேண்டும்? அன்றைக்கு டீன் செத்துப்போன அந்தக் களஞ்சியத்தில் அவர்கள் காப்பாற்றிய இரண்டு சிறுவர்களும் அண்ணன் தம்பிதான் என்பதைக் கட்டுரையாளர் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். கோவிட் காரணமாக நின்றுபோன படப்பிடிப்பை மறுபடி தொடங்கி எடுத்த எபிசோடு அது. அவர்களின் நண்பனான தேவதூதன் காஸ்டியல் அதில் கண்ணில் படாதது எனக்கும் வருத்தம். வயதான சாமுக்கு வைத்த விக் பார்க்கச் சகிக்கவில்லை.

நான் வீட்டுக்கு மூத்தவள். அம்மா போனபோது எனக்குப் பதினாறு, தம்பிக்கு ஐந்து. அவன் வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கிய அன்று, “போதும்க்கா, இனிமே நான் பாத்துக்கிறேன்” என்றான். அந்த வார்த்தைக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. டீன் கேட்டதும் அதைத்தான். கட்டுரையாளர் அந்த எபிசோடை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
திருநெல்வேலி